குனிந்து கணக்குப் போட்டாலே எச்சரிக்கை வருகிறது, தேர்வு ரத்தாகிவிடுமா?

தென்காசிப்பெண்:

வணக்கம். தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். வரும் ஞாயிறு புள்ளியியல் தேர்வு, வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமரா வழியாக ஏஐ கண்காணிக்குமாம். நேற்று மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். 40 நிமிடத்தில் 11 எச்சரிக்கை! "முகம் தெரியவில்லை" என்று 6, "வேறு பக்கம் பார்க்கிறீர்கள்" என்று 4, "இரண்டாவது நபர்" என்று 1. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், கதவும் சாத்தியிருந்தது. தாளில் கணக்குப் போடக் குனிந்தால் உடனே சிவப்புக் கட்டம் வந்துவிடுகிறது. இது எப்படித்தான் வேலை செய்கிறது? எத்தனை எச்சரிக்கை வந்தால் ரத்து செய்வார்கள்? பையனுக்கு 4 வயது. பக்கத்து அறையில் ஆச்சியோடு இருப்பான். அவன் அழுதால்கூட மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.

ரிவ்யூ_அக்கா:

பயப்படாதேம்மா. நான் 2 வருடம் இந்த வேலையைத்தான் பார்த்தேன். ஏஐ சந்தேகப்பட்டுக் கொடி (எச்சரிக்கைக் குறி) போட்ட வீடியோக்களைத் திறந்து, உண்மையிலேயே காப்பி அடித்தார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலை. நான் இருந்த இடத்தில் ஏஐ யாருடைய தேர்வையும் தானாக ரத்து செய்ததில்லை. சந்தேகமான நிமிடங்களைக் குறித்து வைக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தேக மதிப்பெண் போட்டுக் கூட்டும், அவ்வளவுதான். முடிவு எடுப்பது மனிதர்கள். உன் பல்கலைக்கழகத்தில் என்ன விதி என்று மட்டும் கேட்டுக்கொள்.

ஏஐக்கு உன் முகம் என்பது சில புள்ளிகள்தான். கண்ணின் ஓரங்கள், மூக்கு நுனி, உதட்டு ஓரங்கள், தாடை. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் மாறுவதை வைத்துத் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்கிடும். நீ குனிந்தால் நெற்றியும் வகிடும்தான் கேமராவுக்குத் தெரியும். புள்ளிகள் கிடைக்காததால் "முகம் இல்லை" என்று எழுதிவிடும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் இதே கதைதான், முகம் இருட்டாகிவிடும். வெளிச்சம் உன் முன்னாலிருந்து வரட்டும். லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் தூக்கி வைக்காதே. கேமரா தாழ்வாக இருந்தால் குனியும்போதும் முகம் தெரியும்.

"இரண்டாவது நபர்" என்று வந்ததே, உனக்குப் பின்னால் சுவரில் காலண்டர் மாட்டியிருக்கிறதா? சாமி படக் காலண்டரால் வந்த கொடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மின்விசிறிக் காற்றில் தாள் அசையும்போது ஒரு நொடி முகமாகத் தெரியும். கழற்றி வைத்துவிடு.

பையன் அழுகையும் கொடியாகலாம். ஆனால் நாங்கள் அந்த இடத்தைத் திறந்து, முன்னும் பின்னும் ஒரு நிமிடம் ஓட்டிக் கேட்போம். குழந்தை அழுவதும் ஒருவர் விடை சொல்லிக் கொடுப்பதும் காதுக்குத் தெரியாமலா போகும்? நீ வாய்விட்டுக் கேள்வியைப் படிக்காமல் இருந்தால் போதும். கணினியில் தேர்வுத் திரையை விட்டு வேறு திரைக்குப் போவதுதான் பெரிய விஷயம். முகத்தில் ஏஐ தடுமாறும், இதில் தவறுவது குறைவு. வாட்ஸ்அப், மெயில் எல்லாவற்றையும் மூடிவிடு. அறிவிப்பு ஒன்று மேலே வந்து, தெரியாமல் அதில் க்ளிக் செய்தாலும் பதிவாகிவிடும்.

ஒரு வீடியோ இன்னும் மறக்கவில்லை. ஒரு பெண், கொடிக்கு மேல் கொடி, எல்லாம் இடது கீழ்ப்பக்கம் பார்த்ததற்கு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் கண்டிப்பாகக் காப்பிதான். ஓட்டிப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் ஒரு கயிறு வந்து வந்து போனது. தொட்டில் கயிறு. ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் மூன்று மணி நேரம் எழுதியிருக்கிறாள். "பிரச்சினை இல்லை" என்று எழுதி மூடிவிட்டு, கொஞ்ச நேரம் அடுத்த வீடியோவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதே வாரம் பச்சை நிறத்தில் வந்த ஒன்றை மாதிரிச் சோதனைக்காகத் திறந்தேன். ஒரு கொடிகூட இல்லை. அந்தப் பையனின் மூக்குக்கண்ணாடியில் கைப்பேசி வெளிச்சம் மேலும் கீழும் நகர்ந்தது.

ஈரோட்டு_வாத்தியார்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் வீடியோவை யாராவது திறந்து பார்த்தால்தான் அது பலிக்கும். 2021 மே மாதம் அமெரிக்காவின் ப்ராக்டர்யூ என்ற தேர்வுக் கண்காணிப்பு நிறுவனம், ஏஐ மட்டும் கண்காணிக்கும் சேவையை இனி விற்கப்போவதில்லை என்று அறிவித்தது. கொடி விழுந்த தேர்வுகளில் சுமார் 11 சதவீதத்தைத்தான் கல்வி நிறுவனங்கள் திரும்பப் பார்த்தன என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. மீதி மாணவர்களை நினைத்துப் பாருங்கள். நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறவன், எனக்கு இது உறுத்துகிறது. அதனால் தேர்வுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள் அம்மா: யார் பார்ப்பார்கள், முறையீடு செய்ய எத்தனை நாள், வீடியோவை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள். கேட்பதில் தவறே இல்லை. தேர்வுக்கு முன் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னதை எதிர்த்து அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு மாணவர் வழக்கே போட்டார். அது அரசியல் சட்டத்துக்கு விரோதமான சோதனை என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது, ஆனாலும் உங்கள் வீட்டுக்குள் எடுக்கும் படம் உங்களுடைய விஷயம்தான்.

தென்காசிப்பெண்:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். பின்னால் முருகர் காலண்டர் இருந்தது! கழற்றிவிட்டு, மேசையை ஜன்னல் பார்த்துத் திருப்பிப் போட்டு மறுபடி எழுதினேன். இந்த முறை 2 தான், இரண்டும் குனிந்ததற்கு. மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். கணக்குப் போடும் தாளை என்ன செய்வது அக்கா?

ரிவ்யூ_அக்கா:

தாளுக்கு அனுமதி இருந்தால், ஆரம்பிக்கும் முன் இரண்டு பக்கமும் வெற்றாக இருப்பதைக் கேமராவுக்குக் காட்டு. முடித்ததும் எழுதிய பக்கத்தையும் காட்டு. பார்க்கிறவருக்கு அது பெரிய உதவி. தாளை மடியில் வைக்காதே, கீபோர்டுக்குப் பக்கத்தில் கை தெரிகிற மாதிரி வை. ஞாயிறு சாயங்காலம் எப்படிப் போனது என்று இங்கே எழுது.