ரிக்கெல்மேயும் அந்த ஒரு பெனால்டியும்

பத்தாம் எண்:
பயிற்றுநர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேறோர் இழையில், யாரும் கேட்காமலேயே, அர்ஜென்டினாவின் நடுக்கள வீரர் ரிக்கெல்மேயைப் பற்றிக் கணக்கப்பிள்ளை அவர்கள் நேற்று இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: “வில்லாரியலை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றிருக்க வேண்டிய பெனால்டியைக் கோட்டைவிட்டவர் ரிக்குவெல்மே. ஐரோப்பாவில் தோற்றுத் திரும்பியவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.” இரண்டு வாக்கியங்கள், இரண்டும் பிழை. 2006 ஏப்ரலில், ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், ஸ்பெயினின் வில்லாரியலுக்கு எதிரான முதல் ஆட்டத்தை, லண்டன் ஹைபரி அரங்கில், கோலோ டூரே அடித்த ஒரே கோலால் ஆர்சனல் வென்றிருந்தது. ஏப்ரல் 25 அன்று வில்லாரியலின் சொந்த மண்ணான மட்ரிகால் அரங்கில் நடந்த இரண்டாம் ஆட்டம் கோலின்றிப் போய்க்கொண்டிருக்க, முடிய ஓரிரு நிமிடங்களே இருந்தபோது, வில்லாரியலின் ஹோசே மரியை ஆர்சனலின் கிளிஷி தள்ளியதாகச் சொல்லி நடுவர் பெனால்டி கொடுத்தார். ரிக்கெல்மே அடித்தார், ஆர்சனலின் ஜெர்மானியக் காப்பாளர் லேமன் தம் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். அது கோலாகியிருந்தால் இரு ஆட்டங்களின் மொத்தக் கணக்கு 1-1 என்று ஆகியிருக்கும். கூடுதல் நேரம் 30 நிமிடங்கள் தொடங்கியிருக்கும். இறுதிப் போட்டிக்கு அந்த நொடியில் எவரும் போயிருக்க மாட்டார்கள். கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு இந்தக் கூட்டல்கூடத் தெரிய வேண்டாமா?

கணக்கப்பிள்ளை:
பாடத்துக்கு நன்றி ஐயா. கூடுதல் நேரம் என்பது எனக்கும் தெரியும். சொந்த ஊரில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில், ஆட்டம் முழுவதும் தடுத்துத் தடுத்துக் களைத்துப்போன ஓர் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரம் கிடைத்திருந்தால் வென்றிருக்கக்கூடியவர் யார் என்பதைச் சொல்ல ஜோதிடம் பார்க்க வேண்டியதில்லை. அணியின் ஆட்டம் முழுவதும் தம் காலடியில்தான் நடக்க வேண்டும் என்று ஆடிய ஒருவர், அந்த அணிக்கு அவர் மிகவும் தேவைப்பட்ட ஒரே நொடியில் பந்தைக் காப்பாளரின் கைக்கு எட்டும் இடத்தில் அடித்தார். மற்றவை எல்லாம் அலங்காரம்.

பத்தாம் எண்:
நேற்று “இறுதிப் போட்டி” என்றீர்கள், இன்று “கூடுதல் நேரம் கிடைத்திருந்தால்” என்கிறீர்கள். ஒரே இரவில் இவ்வளவு தூரம் நகர்ந்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் பிழை என்று ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வரவில்லை. அந்த ஆட்டத்தை நான் நம் நேரப்படி அதிகாலை இரண்டு மணி வரை, வீட்டார் எழுந்துவிடாமல் இருக்க ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிட்டுப் பார்த்தவன். எதிரே நின்ற ஆர்சனல் அந்தப் பருவத்தில் சாம்பியன்ஸ் லீகில் தொடர்ந்து 10 ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காத அணி. அந்தப் பத்தாவது ஆட்டமே இதுதான். ஏறத்தாழ 50,000 பேர் வாழும் ஒரு சிற்றூரின் கழகம், தன் முதல் சாம்பியன்ஸ் லீக் பருவத்திலேயே தகுதிச் சுற்றில் எவர்ட்டனை வென்று, மான்செஸ்டர் யுனைடெட் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்து, ரேஞ்சர்ஸையும் இன்டர் மிலானையும் தாண்டி அரையிறுதிக்கு வந்தது யாரை நம்பி என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதற்கு முந்தைய பருவத்தில் ஸ்பானிய லீகான லா லீகாவில் மூன்றாமிடம். வில்லாரியலின் ஃபோர்லான் 25 கோல் அடித்து அதிக கோல் அடித்தவருக்கான விருதைப் பெற்றதும் அதே பருவத்தில்தான். அவர் கால்களுக்குப் பந்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஐரோப்பாவில் தோற்றவராம்!

இடதுகால்:
பத்தாம் எண் அவர்கள் பார்சிலோனாவை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். 2002இல் அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் கழகத்திலிருந்து பார்சிலோனாவுக்குப் பெரும் எதிர்பார்ப்போடு வந்தவர், லீகில் 30 ஆட்டங்களில் 3 கோல் அடித்தார். அடுத்த கோடையில் ரொனால்டினோ வந்ததும் வில்லாரியலுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். இதற்கு வேறு என்ன பெயர்?

பத்தாம் எண்:
இதற்கு வான் கால் என்று பெயர். ஆடுகளத்தின் நடுவில் நின்று ஆட்டத்தின் வேகத்தையே தீர்மானிக்கும் ஒருவரைக் கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஓரத்து ஆட்டக்காரரைப் போல ஓடவில்லையே என்று குறைசொன்ன பார்சிலோனா பயிற்றுநர் அவர். ரிக்கெல்மேயை நிர்வாகம் அரசியலுக்காக வாங்கியது, தாம் கேட்டு வாங்கவில்லை என்ற எண்ணத்தை அவர் மறைத்ததும் இல்லை. அவரே அந்தப் பருவத்தின் பாதியில், 2003 ஜனவரியில், பதவியை விட்டுப் போனார். இருபது ஆண்டுகள் கழித்து, 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில், வான் கால் பயிற்றுவித்த நெதர்லாந்து அணிக்கு எதிராகப் பெனால்டி அடித்த மெஸ்ஸி, அவர்கள் அமர்ந்திருந்த பக்கம் திரும்பி இரு கைகளையும் காதுகளுக்குப் பின்னால் குவித்து நின்றாரே, அது யாருடைய சைகை? 2001 ஏப்ரல் 8 அன்று உள்ளூர்ப் பரம எதிரியான ரிவர் பிளேட்டுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு, போகாவின் அப்போதைய தலைவர் மாக்ரி இருந்த மேடையை நோக்கி ரிக்கெல்மே காட்டிய சைகை.

கணக்கப்பிள்ளை:
அருமையான எடுத்துக்காட்டு. மெஸ்ஸி பெனால்டியை அடித்தார், அது கோலாயிற்று, பிறகு காதைக் குவித்தார். 2001இல் உங்கள் ஆள் அடித்த பெனால்டியை ரிவரின் காப்பாளர் கொஸ்தான்சோ தடுத்தாரே, அதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? திரும்பிவந்த பந்தைத் தலையால் முட்டித்தான் அந்தக் கோல். ஆக, பெனால்டியைத் தவறவிடுவது அவருக்கு வில்லாரியலில் புதிதாக வந்த வழக்கம் அல்ல.

பத்தாம் எண்:
தலையால் முட்டியதும் கோல்தான் ஐயா. பலகையில் 3-0 என்றுதான் எழுதினார்கள். பெனால்டிக் கணக்கு வேண்டுமென்றால் முழுக் கணக்கையும் எழுதுங்கள். 2000 மே மாதம், தென்னமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்தாதோரஸ் கோப்பைக் காலிறுதியில், போகாவின் அரங்கான போம்பொனேராவில், அதே ரிவருக்கு எதிராக அவர் அடித்த பெனால்டி கோலாயிற்று. அன்று இன்னொன்றும் நடந்தது. எல்லைக்கோட்டின் ஓரத்தில், எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றவரைப் பின்னாலிருந்து ரிவரின் தடுப்பாட்டக்காரர் யேப்பஸ் நெருக்குகிறார். ரிக்கெல்மே திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்காலால் பந்தைப் பின்னோக்கி மெல்ல உருட்டுகிறார், அது யேப்பஸின் இரு கால்களுக்கும் நடுவே புகுந்து போகிறது, இவர் சுற்றிக்கொண்டு போய் மறுபுறம் அதை எடுத்துக்கொள்கிறார். அதைப் பார்த்தபின்னும் “அலங்காரம்” என்று சொல்ல ஒருவருக்கு மனம் வருமென்றால், அவர் பார்த்துக்கொண்டிருப்பது கால்பந்து அல்ல, பேரேடு.

புதியவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தோல்வி என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால் விவாதம் தெளிவாக இருக்கும் அல்லவா? கோப்பை இல்லாததா, எதிர்பார்ப்பை நிறைவேற்றாததா, அல்லது ஊர் திரும்பியதா?

இடதுகால்:
முதலில் பெயரை முடிவுசெய்வோம். கணக்கப்பிள்ளை “ரிக்குவெல்மே” என்று எழுதியதை இதுவரை எவரும் திருத்தவில்லை. ஸ்பானிய மொழியில் அந்த இடத்தில் ‘கெ’ என்றுதான் ஒலிக்கும்.

கணக்கப்பிள்ளை:
பெயரை எப்படி எழுதினாலும் லேமன் தடுத்திருப்பார். சென்ற உலகக் கோப்பையின்போது வால்வெர்தேயை நீங்கள் எழுதிய விதம் இன்னும் இந்த மன்றத்தில் அழியாமல் இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

பத்தாம் எண்:
லேமன் பெயரை நீங்களே எடுத்துவிட்டதால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த அரையிறுதிக்கு இரண்டு மாதம் கழித்து, ஜூன் 30 அன்று, பெர்லினில் ஜெர்மனிக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதி. ரிக்கெல்மே அடித்த கார்னரை அயாலா தலையால் முட்டி அர்ஜென்டினாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். 72ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் பயிற்றுநர் பெக்கர்மேன், முன்னிலையைக் காப்பதாக எண்ணி, ரிக்கெல்மேயை வெளியே எடுத்துக் கம்பியாசோவை இறக்கினார். 80ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் குளோஸா சமன் செய்தார். பிறகு பெனால்டி வரிசை. கோலில் நின்றவர், காலுறைக்குள் துண்டுச்சீட்டு வைத்திருந்த அதே லேமன். அயாலா அடித்ததைத் தடுத்தார், கடைசியாக வந்தவர் அடித்ததையும் தடுத்தார். அந்தக் கடைசி ஆள் யார்? ரிக்கெல்மேக்குப் பதிலாக இறக்கப்பட்ட கம்பியாசோ! பெனால்டி அடிக்கத் தெரியாதவர் என்று நீங்கள் தூற்றுகிற மனிதர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இதையும் அவர் கணக்கில்தான் எழுதப்போகிறீர்களா?

கணக்கப்பிள்ளை:
எழுதுவேன். ஏப்ரலில் அதே காப்பாளருக்கு எதிராக அவர் அடித்ததைப் பெக்கர்மேனும் பார்த்திருப்பார் அல்லவா?

இடதுகால்:
இது வீண்பழி. 72ஆவது நிமிடத்தில் பெனால்டி வரிசையை நினைத்து யாரும் ஆட்டக்காரரை மாற்றுவதில்லை. காப்பாளர் அபோண்டான்சியெரி காயத்தால் வெளியேறியதில் ஒரு மாற்று ஏற்கெனவே செலவாகியிருந்தது; மெஸ்ஸி இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தது. எனக்கு ரிக்கெல்மே மீது குறை உண்டு, ஆனால் அன்று அவர் இருந்திருந்தால் பந்து நம்மிடம் இருந்திருக்கும்.

பத்தாம் எண்:
“நம்மிடம்” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், இடதுகால், குறித்துக்கொள்கிறேன். தோற்றுத் திரும்பியவர் திரும்பி என்ன செய்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2007இல் போகாவுக்கு வந்து லிபர்தாதோரஸ் இறுதியில் பிரேசிலின் கிரேமியோவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 3 கோல் அடித்தார். அவற்றில் இரண்டு அவர்கள் ஊரான போர்ட்டோ அலெக்ரேயில். 2000, 2001 ஆண்டுகளில் வென்றதோடு அது அவருக்கு மூன்றாவது லிபர்தாதோரஸ். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அணித்தலைவராகத் தங்கம் வென்றார். 2000 நவம்பரில் டோக்கியோவில் ஐரோப்பாவின் சாம்பியனான ரியல் மாட்ரிட்டைப் போகா 2-1 என்று வீழ்த்தியபோது, சக வீரர் பலேர்மோவின் இரண்டாவது கோலுக்கு ஆடுகளத்தின் பாதியிலிருந்து அனுப்பிய பந்து யாருடையது? ஐரோப்பாவைத் தோற்கடிக்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய தேவைகூட அவருக்கு இருந்ததில்லை.

புதியவன்:
என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

கணக்கப்பிள்ளை:
டோக்கியோ, பெய்ஜிங், போர்ட்டோ அலெக்ரே என்று உலகத்தையே சுற்றிக் காட்டிவிட்டீர்கள். மட்ரிகாலில் மட்டும் நிற்க மறுக்கிறீர்கள். என் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பெனால்டி கோலா, இல்லையா?

பத்தாம் எண்:
இல்லை. என் கேள்வியும் ஒன்றுதான்: கோலாகியிருந்தால் இறுதிப் போட்டியா, கூடுதல் நேரமா?

கணக்கப்பிள்ளை:
நீங்கள் எத்தனை பத்தி எழுதினாலும் லேமன் பிடித்த பந்து பிடித்ததுதான்.

பத்தாம் எண்:
பிடிக்கவில்லை, தட்டிவிட்டார். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.