எல்எக்ஸ்-2 மீடியம் போட்டா ஹியூ-7 வளர்ச்சி குறையுது, ஏன்?

கவி_யஷ்வந்த்பூர்
வணக்கம். பெங்களூர்ல பிஎச்டி பண்றேன். கல்லீரலோட ஸ்டெல்லேட் செல்கள் புற்றுநோய் செல்லை எப்படி வளர்த்துவிடுதுங்கறதுதான் என் வேலை. எல்எக்ஸ்-2 (ஆய்வகத்துல வளர்க்கற மனித ஸ்டெல்லேட் செல்) செல்களை சீரம் இல்லாத மீடியத்துல (செல் வளர்க்கற ஊட்டத் திரவம்) 48 மணி நேரம் வச்சு, அந்த மீடியத்தை எடுத்து ஹியூ-7 (கல்லீரல் புற்றுநோய் செல்) மேல போடுறேன். வளர்ச்சி கூடும்னுதான் படிச்சதெல்லாம் சொல்லுது. எனக்கு எம்டிடி (செல் வளர்ச்சியை நிறத்தை வச்சு மதிப்பிடற சோதனை) அளவு குறையுது. டிஜிஎஃப்-பீட்டா (செல்லுக்கு சிக்னல் கொடுக்கற புரதம்) கொடுத்து எல்எக்ஸ்-2-ஐ முடுக்கிவிட்டு எடுத்த மீடியத்துல இன்னும் குறையுது! மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா தொற்று இல்லை. கன்ட்ரோலுக்குப் புது மீடியம். வேற எதைப் பார்க்கணும்?

செல்கல்ச்சர்_ஹெப்பால்
முதல்ல கன்ட்ரோலை மாத்துங்க. செல் இல்லாத பிளாஸ்க்ல அதே மீடியத்தை 37 டிகிரில அதே 48 மணி நேரம் வச்சு எடுங்க. செல் தின்னு முடிச்ச மீடியத்துல குளுக்கோஸ் இறங்கி லாக்டேட் ஏறியிருக்கும். அமிலமாகி மஞ்சளா மாறியிருக்கா? கன்ட்ரோல், எல்எக்ஸ்-2 மீடியம் ரெண்டுலயும் பாதிக்குப் பாதி புது மீடியம் கலந்து போடுங்க.

மீனா_ஜாலஹள்ளி
தம்பி சொன்னது சரி. இன்னும் ரெண்டு விஷயம், கவி.

எம்டிடி செல்லை எண்ணாது, அதோட வளர்சிதை மாற்றத்தைத்தான் காட்டும். செத்த செல்லை நீலமாக்கற டிரைப்பன் புளூ சாயம் போட்டு எண்ணிடுங்க. அப்புறம், நீங்க கொடுத்த டிஜிஎஃப்-பீட்டா அந்த மீடியத்தோட ஹியூ-7-க்கும் போகுதே! அது கல்லீரல் செல்லோட பெருக்கத்தை நிறுத்தற சிக்னல். புற்றுநோய் முற்றினப்புறம்தான் பல செல்கள் அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டி, அதையே பரவறதுக்குப் பயன்படுத்திக்கும். ஹியூ-7 இன்னும் அதுக்குக் கட்டுப்படற ரகம். முடுக்கின பிறகு நல்லா கழுவி, புது மீடியம் மாத்தி, அதுக்கப்புறம் சேகரிங்க.

ஆனா எனக்கு முக்கியமாப் படறது வேற. ஸ்டெல்லேட் செல்லை 'வளர்ப்பவன்'னு ஒரே முகமாப் பார்க்காதீங்க. நல்ல கல்லீரல்ல அது கல்லீரல் செல்லுக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவுல இருக்கற டிஸ்ஸே இடைவெளியில உட்கார்ந்து வைட்டமின் ஏ-வைச் சேமிக்குது. காயம் பட்டா அந்தச் சேமிப்பை இழந்து, கொலாஜன் கொட்டற செல்லா மாறிடுது. 2022-ல நேச்சர் இதழ்ல வந்த எலி ஆய்வு இதை அழகாப் பிரிச்சுக் காட்டுச்சு: ஹெச்ஜிஎஃப் மாதிரி வளர்ச்சிக் காரணிகள் சுரக்கற கூட்டம் கல்லீரல் செல்லைக் காப்பாத்தி கட்டி உருவாகறதைத் தடுக்குது, முதல் வகை கொலாஜன் குவிக்கற கூட்டம் கல்லீரலை இறுக்கி கட்டியை வளர்க்குது. நோய் முற்ற முற்ற ரெண்டாவது கூட்டம் பெருகுது. பெரும்பாலான கல்லீரல் புற்றுநோய் தழும்பேறின கல்லீரல்ல வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதுவும் அந்த ஆய்வு பார்த்தது, கட்டி எப்படி உருவாகுதுங்கறதை. உங்க ஹியூ-7 ஏற்கனவே புற்றுநோய் செல்; அதுக்கு ஹெச்ஜிஎஃப் ஊக்கமாக்கூட இருக்கலாம். இறுக்கமோ மீடியத்தோட வராது, அது தட்டிலேயே நின்னுடும். பிளாஸ்டிக் தட்டு கல்லீரலை விடப் பல லட்சம் மடங்கு கடினம். அதனால கன்ட்ரோல் செல்லும் இறுகின தரையிலதான் நிக்குது, வித்தியாசம் எங்கே தெரியும்? மென்மை, கடினம்னு ரெண்டு ஜெல் செஞ்சு ரெண்டு செல்லையும் சேர்த்து வளர்த்துப் பாருங்க.

குறைஞ்ச முடிவை தயவுசெஞ்சு ஒதுக்கிடாதீங்க.

கவி_யஷ்வந்த்பூர்
நன்றி அக்கா, நன்றி அண்ணா. செல் இல்லாத கன்ட்ரோலும் பாதிக் கலவையும் போட்டு எண்ணிட்டேன். சும்மா எடுத்த எல்எக்ஸ்-2 மீடியத்துல இருந்த குறைவு போயிடுச்சு, கன்ட்ரோலோட ஒட்டி நிக்குது. டிஜிஎஃப்-பீட்டா கொடுத்து, கழுவி எடுத்ததுல மட்டும் குறைவு அப்படியே இருக்கு. இதை எப்படி உறுதி பண்றது?

மீனா_ஜாலஹள்ளி
எல்எக்ஸ்-2 தானாவும் டிஜிஎஃப்-பீட்டா சுரக்கும். கழுவினதும் அது நிக்காது. ஹியூ-7 பக்கம் டிஜிஎஃப்-பீட்டா ஏற்பியைத் தடுக்கற எஸ்பி-431542 மருந்து போடுங்க, அதைக் கரைக்கற டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழியும் வைங்க. குறைவு மீண்டு வந்தா காரணம் அதுதான். வரலேன்னா எலைசா (புரதத்தை அளக்கற சோதனை) பண்ணி வேற சுரப்பைத் தேடுவோம். ஜெல் செய்முறை வேணும்னா இங்கேயே கேளுங்க, எழுதித் தர்றேன்.