தொட்டியில் நீர்முள்ளி: விதை பூசணம் பிடிக்கிறது, கொழுந்து மஞ்சளாகிறது

பாலக்கோடு மாடித்தோட்டம்:
ஏரிக்கரையில் ஊதாவாகப் பூக்கும் நீர்முள்ளியை வீட்டில் வளர்க்கப் பார்க்கிறேன். நாட்டு மருந்துக் கடை விதையை இரவு ஊறவைத்தால் கொழகொழவென்று கட்டியாகிவிடுகிறது. விதைத்ததில் பாதிக்குப் பூசணம். முளைத்ததிலும் கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. செம்மண், போர்வெல் தண்ணீர். எதை மாற்றணும்?

காவேரிப்பட்டணம் பச்சை:
ஊறவைக்கவே வேண்டாம். நனைந்தால் விதைத்தோல் பசையாகும். ஏரிச் சேற்றில் விதை அடித்துப் போகாமல் ஒட்டிக்கொள்ள அது உதவும். கிண்ணத்தில் கட்டியானால் நடுவிலிருக்கும் விதைக்குக் காற்றே போகாது. ஒரு சிட்டிகை விதையைக் காய்ந்த மணலில் கலந்து, ஏற்கெனவே நனைத்த மண்மேல் தூவுங்கள். மேலே மெல்லிசாக மணல், அவ்வளவுதான். தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். கடை விதை மருந்துக்கென்று வருவது, எத்தனை வருடப் பழசோ! செடியில் காய்ந்த காயைப் பறிப்பதே மேல்.

ஓசூர் ஈரமண்:
மஞ்சளுக்குக் காரணம் தண்ணீர். நம்ம பக்கத்துப் போர்வெல்லில் உப்பு அதிகம், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியுமே, அதுதான். அந்தக் காரத்தன்மையில் வேரால் இரும்பை எடுக்க முடியாது. அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. உங்களுக்குக் கொழுந்து என்பதால் இரும்புதான். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், 1 லிட்டர் மழைத் தண்ணீர், சில சொட்டு எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. தரையில் பட்டால் துருக்கறை போகாது.

நாற்றை மாற்றி நடும் தொட்டிக்கு அடியில் ஓட்டை போடாதீர்கள். பக்கவாட்டில், மண் மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே ஒன்று போதும். வேர் சேற்றில் இருக்கும், மேலே தண்ணீர் தேங்காது, கொசுவும் வராது. வெறும் செம்மண் சீக்கிரம் இறுகும். பாதிக்குப் பாதி வண்டல் சேருங்கள். பச்சைச் சாணம் கூடவே கூடாது, சேற்றில் புளித்து வேரை அழுகவைத்துவிடும்.

பாலக்கோடு மாடித்தோட்டம்:
நன்றி. கறுப்பாக, முள்முள்ளாக ஒரு புழுவும் இலையைத் தின்கிறது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

காவேரிப்பட்டணம் பச்சை:
வேண்டாங்க. வசீகரன் வகைப் பட்டாம்பூச்சிகள் இதில் முட்டையிடும், அதன் புழுவாக இருக்கலாம். வளர்ந்த செடி தாங்கும். நாற்றில் இருந்தால் மட்டும் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். கணுவுக்குக் கணு முள் இருக்கும், குழந்தைகள் நடக்கும் பக்கம் தொட்டி வேண்டாம். காய் பழுப்பானதும் வெட்டிவிடுங்கள். வெடித்தால் பக்கத்துத் தொட்டியெல்லாம் முளைக்கும்.