12 கிலோமீட்டர் குழி தோண்டி என்ன கிடைத்தது?

கணக்குப்பிள்ளை:
ரஷ்யாவில், நார்வே எல்லைக்குப் பக்கத்தில், கோலா தீபகற்பத்தில் ஒரு துளை இருக்கிறது. 1970 மே மாதம் ஆரம்பித்து 1989இல் 12,262 மீட்டர் ஆழத்தைத் தொட்டார்கள், அகலம் வெறும் 23 சென்டிமீட்டர். எண்ணெய்க்கு இல்லை, தங்கத்துக்கு இல்லை, தண்ணீருக்குக்கூட இல்லை, சும்மா உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க. போட்ட திட்டம் 15,000 மீட்டர், அதையும் எட்டவில்லை. இப்போது துருப்பிடித்த இரும்பு மூடியும் இடிந்த கட்டடமும்தான் மிச்சம். மனிதனின் தேடல், அறியும் ஆர்வம் என்றெல்லாம் இதைப் புகழ்ந்து பதிவு போடுகிறார்களே, அவர்களிடம் ஒரு கேள்வி. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். இவர்கள் போனது அதில் 0.2 சதவீதம்கூட வராது. இதற்கா இருபது வருடம்?

பாறைப்பித்தன்:
கணக்கு சார், சதவீதம் போட்டுப் பார்க்கிற விஷயமா இது? நிலநடுக்க அலைகள் அந்தப் பகுதியில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஆழத்தில் வேகம் மாறுகின்றன, அதனால் அங்கே கிரானைட் முடிந்து பாசால்ட் என்ற கனமான கரும்பாறை தொடங்குகிறது என்று புவியியலாளர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். துளை அங்கே போனது, அதையும் தாண்டிப் போனது, பாசால்ட்டைக் காணோம். இருந்தது அதே கிரானைட் வகைப் பாறைதான், ஆனால் நொறுங்கி, விரிசலெல்லாம் தண்ணீர் ஊறிக் கிடந்தது. அந்த ஆழத்தில் தண்ணீர் இருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை. அலை சொன்னது சரி, அதை நாம் புரிந்துகொண்டதுதான் தப்பு என்பது இறங்கிப் பார்த்ததால் மட்டுமே தெரிந்தது.

கணக்குப்பிள்ளை:
பாசால்ட் இல்லை என்று தெரிந்ததில் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது? அப்புறம் இதை ஆர்வம் என்று சொல்வதே தப்பு. 1961இல் அமெரிக்கர்கள் மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் துளை போட்டார்கள், உடனே சோவியத்துக்கும் ஆசை வந்தது. வெறும் பனிப்போர் பந்தயம். நிஜமான ஆர்வம் எது தெரியுமா? இங்கெ லேமான் (Inge Lehmann) என்ற அம்மையார், டென்மார்க்கில் மேசை முன்னால் உட்கார்ந்து நிலநடுக்கப் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு பூமிக்கு உள்கரு ஒன்று இருக்கிறது என்று 1936இல் எழுதினார். ஒரு மண்வெட்டிகூடத் தூக்கவில்லை.

ரிக்தம்பி:
நான் வளைகுடாவில் எண்ணெய் ரிக்கில் இருக்கிறேன், வேலைக்காரன் பார்வையில் கொஞ்சம் சொல்கிறேன். அவ்வளவு நீளக் குழாயை மேலிருந்து சுழற்றினால் முறுக்கியே உடைந்துவிடும், அதனால் அவர்கள் கீழே பிட்டை, அதாவது பாறையை அறுக்கிற முனையை, மட்டும்தான் சுழல வைத்தார்கள், மேலிருந்து அழுத்தி அனுப்புகிற மட் என்ற சேற்றுக் குழம்பு அங்கே இருக்கிற டர்பைனைச் சுற்றும். பிட் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் துண்டு துண்டாகக் கழற்றி மேலே எடுத்து, மாற்றி, மறுபடி கோத்து இறக்க வேண்டும். 1984இல் 12 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு 5 கிலோமீட்டர் குழாய் அறுந்து உள்ளேயே போய்விட்டது, 7 கிலோமீட்டருக்குத் திரும்பி வந்து பக்கவாட்டில் புதுசாகத் தோண்டிக்கொண்டு போனார்கள்! எங்கள் கம்பெனியாக இருந்தால் அன்றைக்கே சிமென்ட் ஊற்றி மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். கடைசியில் நிறுத்தியது சூடுதான். 100 டிகிரி எதிர்பார்த்த இடத்தில் 180, பாறை களி மாதிரி நெகிழ்ந்து துளையை மூடிக்கொண்டே வந்தது. 2008இல் கத்தாரில் 12,289 மீட்டர் கிணறு ஒன்றை 36 நாளில் முடித்தார்கள். ஆனால் அது பெரும்பகுதி படுக்கைவாட்டில் போனது, நீளம் அதிகம், ஆழம் இல்லை.

வம்பன்:
அந்தக் குழிக்குள் மைக் இறக்கினபோது நரகத்து அலறல் கேட்டதாமே?

ரிக்தம்பி:
கட்டுக்கதை. ரிக்கில் அலறல் எப்போதும் மேலேதான், அதுவும் லீவு தள்ளிப் போகிற அன்றைக்கு.

பாறைப்பித்தன்:
லேமான் அம்மையாரை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவர் பார்த்தது 1929இல் நியூசிலாந்தில் வந்த நடுக்கத்தின் பதிவுகள், அது உலகத்தின் மறுகோடியில் இருந்த நிலையங்களில் எல்லாம் பதிவானதால்தானே அவருக்குக் கிடைத்தது? கருவி வாங்கி, ஆள் வைத்து, அதற்கும் யாரோ செலவு செய்திருக்கிறார்கள். பனிப்போர் என்பது சரி, பணம் அங்கிருந்துதான் வந்தது, நான் மறுக்கவில்லை. குழாய் அறுந்த பிறகும் மறுபடி 7 கிலோமீட்டரிலிருந்து ஆரம்பித்தவனை வெறும் பந்தயம் மட்டுமா அந்த வேலையில் பிடித்து வைத்தது? அப்புறம் நீங்கள் சொன்ன அந்த அமெரிக்கத் துளை. கடலடியில் 183 மீட்டர்தான் போனது, செலவு ஏறிக்கொண்டே போக 1966இல் பணத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நங்கூரம் போடாமலே கப்பலை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கிற வித்தை அதற்காகத்தான் உருவானது. அதே வித்தையோடு 1968இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் கிளம்பி, அட்லாண்டிக் நடுவில் உள்ள மலைத்தொடரிலிருந்து தள்ளிப் போகப் போகக் கடல் தரையின் வயது கூடுகிறது என்று காட்டியது, கடல் தரை விரிகிறது என்பதற்கு அது பெரிய சாட்சி. இன்றைக்கு ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கும் கப்பல்களும் அப்படித்தான் நிற்கின்றன.

கணக்குப்பிள்ளை:
பிடித்தேன்! ஆர்வத்துக்கு வக்காலத்து வாங்க வந்தவர் கடைசியில் எண்ணெய்க் கப்பலைக் காட்டுகிறார். அப்போது பயனுக்காகத்தான் தேட வேண்டும் என்று நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள்.

பாறைப்பித்தன்:
நீங்கள் அடுப்பைக் கேட்டீர்கள், அடுப்பைக் காட்டினேன். என்னைக் கேட்டால் அந்தப் பாசால்ட் இல்லாமல் போனதே போதும்.

கணக்குப்பிள்ளை:
எனக்குப் போதாது. மகாராஷ்டிராவில் கோயனா அணைப் பகுதியில் நம் ஆட்களும் 3 கிலோமீட்டர் துளை போட்டிருக்கிறார்கள், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். 1967இல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது, ஆட்கள் செத்தார்கள், இன்னமும் நடுங்குகிறது, நீர்த்தேக்கத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தெளிவான கேள்வியோடு இறங்குகிறார்கள். கோலாவில் அப்படி என்ன கேள்வி இருந்தது?

பாறைப்பித்தன்:
அந்த ஆழத்தில் தண்ணீர் இருக்குமா என்று கேட்க யாருக்கும் தோன்றவே இல்லை சார். தோன்றியிருந்தால் கேள்வியை எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, தோன்றாத கேள்விக்கு பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது? முதலில் அதைச் சொல்லுங்கள்.