மறு: கிட்டார் ட்ரெமலோவுக்குத் தமிழ்ச் சொல்: சாய்குதிரை, இழுசமன்

குழும நண்பர்களுக்கு வணக்கம். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பகுதியோடு ஒரு சிறு கைப்பிடி இணைந்திருக்கும், அதை அழுத்திச் சுருதியை அசைக்கலாம். இந்த அமைப்பைத்தான் ஆங்கிலத்தில் ட்ரெமலோ பிரிட்ஜ் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த கருத்துகளை எடுத்துக் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> ட்ரெமலோ என்றால் நடுக்கம், பிரிட்ஜ் என்றால் பாலம். ‘நடுக்கப்பாலம்’ என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இந்தச் சொல்லின் இரண்டு பாதியும் எனக்கு ஒத்துவரவில்லை.

முதலில் நடுக்கம். இசையில் ட்ரெமலோ என்றால் ஒலியின் அளவு கூடிக் குறைவது. கிட்டாரின் கைப்பிடியை அழுத்தும்போது மாறுவது ஒலியின் அளவு இல்லை, சுருதி. அதற்குச் சரியான பெயர் விப்ராட்டோ. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்ற எலக்ட்ரிக் கிட்டார் வந்தபோது, அதைத் தயாரித்த லியோ ஃபெண்டர் இந்த அமைப்புக்கு ட்ரெமலோ என்று பெயர் வைத்தார். அவர் நிறுவனத்தின் பல ஆம்ப்ளிஃபயர்களிலோ ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதிக்கு விப்ராட்டோ என்று பெயர். இரண்டும் இடம் மாறி, அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டன. இதே வேலையைச் செய்யும் வேறொரு அமைப்பைத் தயாரித்த பிக்ஸ்பி நிறுவனம் தன் கருவியை விப்ராட்டோ என்றே அழைத்தது. தமிழில் நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம், அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்து பாலம். வீணையிலும் வயலினிலும் கம்பிகளைத் தாங்கும் பகுதியை நம் கலைஞர்கள் ‘குதிரை’ என்றுதான் சொல்கிறார்கள். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் பாலம் கட்டுவானேன்?

என் பரிந்துரை ‘சாய்குதிரை’. இந்த அமைப்பில் குதிரைத் தகடு கிட்டாரின் உடலில் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்காது. முன் ஓரத்தில் ஆறு திருகாணிகளின் மீதோ இரண்டு தூண்களின் மீதோ ஊன்றி நிற்கும். கம்பிகள் அதை முன்னால் இழுக்கும். உடலின் பின்பக்கக் குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கும். கைப்பிடியை அழுத்தினால் தகடு கழுத்துப் பக்கமாகச் சாயும், கம்பிகள் தளரும், சுருதி இறங்கும். சாய்நாற்காலி என்று சொல்லிப் பழகிய நமக்குச் சாய்குதிரை புரியாமல் போகாது. அசையாத வகையை ‘நிலைக்குதிரை’ என்றால் இணையும் கிடைத்துவிடும். ‘அசைகுதிரை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் நல்ல சொல்தான், ஆனால் குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

> சுருதியை இறக்கினால் ஸ்பிரிங்கைத் தளர்த்து என்று ஒரு வரியில் சொல்லிவிடலாமே. இதற்கு எதற்குத் தனிக் கலைச்சொல்?

இங்கேதான் சொல் மிகவும் தேவைப்படுகிறது. சாய்குதிரை ஒரு நிலையில் நிற்பதற்கே காரணம், கம்பிகளின் இழுவிசையும் ஸ்பிரிங்குகளின் இழுவிசையும் சமமாக இருப்பதுதான். சுருதியை இறக்கியதும் அந்தச் சமன் கெடுகிறது. எவ்வளவு கெடுகிறது என்றும் கணக்கிடலாம். நீளமும் கனமும் மாறாத கம்பியில் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆகவே ஆறு கம்பிகளையும் அரைக்கட்டை (ஒரு சுரத்தானம்) இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 11 விழுக்காடு குறையும். ஒரு கட்டை இறக்கினால் ஏறத்தாழ 21 விழுக்காடு. ‘டென்’ செட் (முதல் கம்பி 0.010 அங்குலத் தடிமன்) மாட்டிய ஸ்ட்ராட்டில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 47 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் ஸ்பிரிங்குகள் வென்றுவிடும். தகட்டின் பின்பக்கம் உடலை நோக்கி இறங்கும், கம்பிகள் தாழ்ந்து மெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில், ஆங்கிலத்தில் ஃப்ரெட்) உரசி இரையும், பன்னிரண்டாம் மெட்டில் சுருதி விலகும்.

ஆறாம் கம்பியை மட்டும் மூன்று கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறக்கிப் பாருங்கள், அதாவது டிராப் டி. அது தளர்ந்ததும் தகடு பின்னால் போகும், தொடாமலே மற்ற ஐந்து கம்பிகளின் சுருதியும் ஏறியிருக்கும். அந்த ஐந்தையும் இறக்கினால் ஆறாவது மறுபடி ஏறிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் விலகல் குறைந்துகொண்டே வந்து கடைசியில் நிற்கும், ஆனால் நிற்கும் இடம் பழைய இடமாக இருக்காது. புதிதாகக் கிட்டார் வாங்கிய பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் கருவி கெட்டுவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

அந்தச் சமனுக்கு ‘இழுவிசைச் சமன்’, சுருக்கமாக ‘இழுசமன்’ என்கிறேன். இழுவிசை பள்ளி இயற்பியலிலேயே இருக்கும் சொல். கட்டுரையில் முதலில் நீண்ட வடிவத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் குறுக்கிக்கொள்ளலாம். ‘இழுசமன் கெட்டுவிட்டது’, ‘இழுசமன் பார்’, ‘இழுசமனுக்கு வரவில்லை’ என்று எப்படிச் சொன்னாலும் வாயில் தடங்கல் இல்லை.

சொல் நிற்குமா என்று பார்க்கச் செய்முறையையே அதில் எழுதிப் பார்த்தேன். இழுசமனை மீட்க இரண்டு வழி. ஒன்று, கம்பியைத் தடிமனாக்குவது. கம்பியின் இழுவிசை விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 0.010 அங்குல முதல் கம்பிக்குப் பதில் 0.011 போட்டு ஒரு கட்டை இறக்கினால் பழைய இழுவிசையில் 96 விழுக்காடு கிடைக்கும். ஸ்பிரிங்கைக் கொஞ்சம்தான் தொட வேண்டியிருக்கும். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் அரைக்கட்டை இறக்கி வாசித்தவர், அவர் போட்டது 0.013. இரண்டாவது வழி, கம்பியை மாற்றாமல் ஸ்பிரிங்கைத் தளர்த்துவது. குழியில் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் அரைச் சுற்று, ஒரே அளவாகத் தளர்த்த வேண்டும். மறுபடி சுருதி சேர்த்து, தகட்டின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஃபெண்டர் சொல்லும் அளவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். வரவில்லையென்றால் இன்னும் அரைச் சுற்று. பொறுமை வேண்டும், ஏனென்றால் திருகாணியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஆறு கம்பிக்கும் சுருதி சேர்த்த பிறகுதான் அளவு உண்மை பேசும். இழுசமன் வந்த பின்பே பன்னிரண்டாம் மெட்டுச் சுருதியைச் சரிபார்க்க வேண்டும். முன்னால் பார்த்தால் அந்த உழைப்பு வீண்.

தடித்த கம்பி போட்டால், கழுத்தின் முனையில் கம்பிகள் பதிந்து செல்லும் நட்டின் பள்ளங்களையும் கவனியுங்கள். பள்ளத்தில் கம்பி சிக்கினால் கைப்பிடியை விட்ட பிறகும் சுருதி திரும்பாது, பழியோ ஸ்பிரிங் மேல் விழும்.

தகட்டை உடலோடு படிய வைத்து வாசிப்பவர்களுக்குச் சுருதி இறக்கம் இவ்வளவு தொல்லை தராது. தகடு ஏற்கெனவே உடலில் அமர்ந்திருப்பதால் பின்னால் போக வழியில்லை, கைப்பிடி மட்டும் விறைப்பாகும். ஆகவே தகடு உடலைத் தொடாமல் நிற்பதற்கு ‘மிதப்பு நிலை’, படிந்து நிற்பதற்கு ‘படிந்த நிலை’ என்ற இரண்டு சொல்லும் வேண்டும். மிதப்பு நிலைக்கு இழுசமன் உயிர்நாடி.

> இறக்கத்தைக் கட்டையில் சொல்வது சரியா?

நான் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், ஆர்மோனியம் அறிந்தவர்களுக்கு உடனே விளங்கும் என்பதால். ஆனால் ஒரு எல்லை உண்டு. மூன்று கட்டையிலிருந்து ஒரு கட்டை வரை இறங்கும்போது ஒவ்வொரு அரைக்கட்டையும் ஒரு சுரத்தானம், கணக்கு சுத்தமாக வரும். ஒரு கட்டைக்கும் கீழே இறங்கினால் அடுத்தது மந்தர ஏழு கட்டை, அங்கே இடைவெளி ஒரே சுரத்தானம்தான். ஏழு கம்பி கிட்டார்க்காரர்கள் அந்த ஆழத்தில்தான் வாசிக்கிறார்கள். எனவே கையேட்டில் ‘இத்தனை சுரத்தானம் இறக்கம்’ என்று எழுதுவோம், பேச்சில் கட்டை இருக்கட்டும். எல்லாக் கம்பிகளையும் ஒரே அளவு இறக்குவதற்கு ‘தாழ்சுருதி’ என்ற சொல் போதும். டிராப் டி மட்டும் அதில் சேராது, அதை ‘ஆறாம் கம்பி இறக்கம்’ என்றே விடலாம்.

ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் அந்தத் தகட்டுக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘கவ்வுதகடு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். கிட்டார் பழுது பார்க்கும் பட்டறைகளில் ஏற்கெனவே வேறு பெயர் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்