பிரவுசரும் மெயிலும் படுத்திய பாடு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோத்தகிரி இலைக்கணக்கு:
மழையில் மரம் விழுந்து கரண்ட் போய் வந்த மறுநாள், அப்பாவின் பழைய சிஸ்டத்தில் ஒரு சைட்டும் திறக்கவில்லை. பேங்க், மெயில், எதைத் தட்டினாலும் சிவப்பு முக்கோணம், பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கை. சர்வீஸ்காரர் வந்தார், வைரஸ் என்றார், ஃபார்மேட் அடித்தார், காசு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் அதே முக்கோணம். பக்கத்து வீட்டுப் பையன் மவுஸைக்கூடத் தொடவில்லை, திரையின் மூலையை மட்டும் காட்டினான்: 01-01-2009. சைட் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டல்லவா? 2009இல் இருந்துகொண்டு பார்த்தால் எதுவுமே செல்லாது. தேதியை மாற்றினான், எல்லாம் திறந்தது. "வைரஸ் சார், நிறைய இருக்கு" என்று சர்வீஸ்காரர் சொன்ன தோரணைதான் இன்னும் ஆறவில்லை. ஃபார்மேட்டில் அப்பா மெயில் பார்க்கும் அவுட்லுக் புரோகிராம் மெயில்களோடு போனது. பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி அனுப்பிய கணக்கெல்லாம் அதில்தான்.

குன்னூர் அக்கா:
எனக்கு வேறு மாதிரி. யாரோ ஒரு பிள்ளையின் ரேங்க் கார்டு மாதாமாதம் என் ஜிமெயிலுக்கு வருகிறது. கணக்கில் 38. பாவம், "கவனம் தேவை" என்று டீச்சர் எழுதியிருந்தார். ஐடி தப்பு என்று பள்ளிக்குப் பதில் போட்டால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானாகவே ஒரு மெயில் வருகிறது. அந்த அப்பாவுக்கு மகன் மார்க் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.

கொடை டிரைவர்:
2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிக்கு இ-பாஸ் வந்ததே, அந்த முதல் சீசன். வண்டியில் சென்னை பார்ட்டி. "பாஸ் பிரவுசர்லயே திறந்து வெச்சிருக்கேன்" என்றார். மலை ஏறுகிறோம், சிக்னல் இல்லை. சாவடியில் போனை நீட்டினார், பக்கம் தானாக ரீலோட் ஆகி, நெட் இல்லாதபோது பிரவுசரில் வருமே, அந்த டைனோசர் வந்து நிற்கிறது. க்யூஆர் கேட்டவர் டைனோசரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பின்னால் ஹாரன். பாஸ் எடுத்தது அவர், முறைப்பு வாங்கியது நான்.

ஊட்டி சர்வீஸ்:
ஒருத்தர் செய்ததற்கு எல்லா சர்வீஸ்காரரையும் திட்ட வேண்டாம். கோத்தகிரி அண்ணே, தேதியை மாற்றினால் மட்டும் போதாது, அடுத்த கரண்ட் கட்டில் திரும்பப் போகும். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி செல் இருக்கும், சிஆர்2032. கரண்ட் இல்லாதபோது தேதியைக் காப்பது அதுதான். அதை மாற்றுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மெயில் விஷயம்: அப்பா பாப் முறையில் வைத்திருப்பார். சர்வரில் பிரதி வைக்கும் டிக் இல்லையென்றால் மெயில் சிஸ்டத்துக்கு இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும். எதற்கும் பிரவுசர் வழியாக லாகின் செய்து பாருங்கள். இனி ஐமேப் போடுங்கள், மெயில் சர்வரிலேயே இருக்கும். அந்த ஹார்ட் டிஸ்க்கில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள், அவுட்லுக் மெயிலைச் சேமித்து வைக்கும் பழைய பிஎஸ்டி ஃபைல் மீள வாய்ப்புண்டு. டிரைவர் தம்பி, டேப் திறந்திருந்தால் பக்கம் போனில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மெமரி குறைந்தால் பிரவுசர் அதைத் தூக்கிவிடும். பார்ட்டி கிளம்பும்போதே ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். அக்கா, உங்கள் ஐடியில் புள்ளி இருக்கும், அவருடையதில் இருக்காது. அதுதான் குழப்பம்.

குன்னூர் அக்கா:
இல்லை தம்பி. ஜிமெயில் புள்ளியைக் கணக்கிலேயே எடுக்காது. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிதான், இன்னொருவருக்குக் கிடைக்காது. அவர் ஐடியின் கடைசியில் ஏதோ நம்பர் இருந்திருக்கும், ஃபாரத்தில் அதை எழுதாமல் விட்டிருப்பார்கள்.

கொடை டிரைவர்:
ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்ல எனக்குத் தெரியாதா அண்ணே? எடுத்தாச்சு என்றுதான் அவரும் சொன்னார்.

கோத்தகிரி இலைக்கணக்கு:
செல் மாற்றியாயிற்று. பிரவுசரில் பார்த்தோம், இன்பாக்ஸ் காலி. டிஸ்க்கில் ஃபார்மேட் அடித்தவர் விண்டோஸே மறுபடி ஏற்றிவிட்டார், இனி எங்கே மீட்க? ஃபேக்டரியில் கேட்டிருக்கிறோம், பில் புக்கைப் பார்த்துச் சொல்கிறார்களாம்.