ஏலத்தோட்டக் கணக்கு: கங்காணி ஞாபகம் போதுமா, நோட்டு வேணுமா?

போடிமெட்டு:
"தோட்டத்துலயே காலம் தள்ளின கங்காணிக்கு (ஆட்களை மேய்க்கிற மேற்பார்வையாளருக்கு) நோட்டு எதுக்கு, எல்லாம் தலைக்குள்ள இருக்கு" என்று இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏலக்காய்த் தோட்டத்தில் திரும்பத் திரும்ப ஒரே வேலைதான். சீசனில் 30, 45 நாளுக்கு ஒரு ரவுண்டு காய் எடுப்பு, நடுவில் மருந்தடிப்பு, மழைக்காலத்தில் அழுகல் நோய்க்குப் போர்டோ (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து). ஒரே மாதிரி வேலை அடுத்தடுத்து வந்தால் மனசு அதைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளாது. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால், வழக்கமாக என்ன நடக்கும் என்பதைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

போர்டோவையே எடுங்கள். 1 சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ 50 லிட்டர் தண்ணியில், சுண்ணாம்பு 1 கிலோ இன்னொரு 50 லிட்டரில். துத்தத் தண்ணியைச் சுண்ணாம்புத் தண்ணியில் மெல்ல ஊற்றிக் கலக்கணும். சுண்ணாம்பு காற்றுப்பட்டு வீரியம் போயிருந்தால் 1 கிலோ பத்தாது. துடைத்த இரும்புக் கத்தியை உள்ளே விட்டு எடுத்தால் செம்பு நிறத்தில் படியும். படிவு நிற்கிறவரை சுண்ணாம்பைக் கூட்டணும், இல்லாவிட்டால் இலை கருகும். கால் கிலோ கூடுதலாகப் போட்ட ஆளை மாசம் கழித்துக் கேளுங்கள், "ஒண்ணுக்கு ஒண்ணு"ன்னுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் தங்கினது அந்தச் செய்முறைதான்.

கம்பம்மெட்டு:
தம்பி, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சனிக்கிழமை சம்பளம் போடுறப்ப உட்கார்ந்து ஆறு நாளையும் ஒரே மூச்சில் எழுதி முடிக்கிற நோட்டு எத்தனை இருக்குன்னு தோட்டக்காரங்களுக்குத் தெரியும். அதுவும் ஞாபகம்தானே? மையில எழுதிட்டதால ஒண்ணும் உண்மையாகிடாது. ஆனா நாளைக்கு ஒரு தகராறுன்னா, நின்னு பார்த்தவன் பேச்சை விட அந்த ஏட்டைத்தான் நம்புவாங்க. அதுதான் எனக்குப் பயம்.

இன்னொண்ணு. அமெரிக்காவில் எதிர்க்கட்சி ஆபீஸ்ல ஆள் புகுந்ததை மூடி மறைச்ச வாட்டர்கேட் விவகாரத்தோட விசாரணையில், ஜனாதிபதி நிக்சனுக்கு வக்கீலா இருந்த ஜான் டீன் 1973-ல் செனட் குழு முன்னால நிக்சனோடு நடந்த பேச்சையெல்லாம் விலாவாரியாச் சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சைப் பதிவு பண்ணின ஒலிநாடா வெளியே வந்துச்சு. உல்ரிக் நைசர்ங்கிற உளவியல் அறிஞர் 1981-ல் ரெண்டையும் ஒப்பிட்டு எழுதினார். யார் என்ன வார்த்தை சொன்னாங்கங்கிறதுல நிறையத் தப்பு. ஆனா மூடி மறைச்சாங்க, நிக்சனுக்கு அது தெரியும்ங்கிற சாரம் சரி. கங்காணி ஞாபகமும் அந்த வகைதான். எந்தச் சரிவில் அழுகல் முதல்ல காட்டும், எந்த ஓடைப் பக்கம் தண்ணி நிக்கும்னு அவர் சொன்னா தப்பாது. அதை எந்த நோட்டில் தேடுவீங்க?

போடிமெட்டு:
அண்ணே, சாரம் சரிங்கிறதில் எனக்கு மறுப்பே இல்லை. சாரம் போதாத இடம் ஒன்று இருக்கு: மருந்து அடித்த நாளுக்கும் காய் எடுக்கும் நாளுக்கும் நடுவில் விடவேண்டிய இடைவெளி. அங்கே நாலு நாள் பிசகினால் காயில் மருந்து மிச்சம் நின்றுவிடும். அதற்கு எந்தத் தேதி, எந்த பிளாக் (தோட்டத்தில் பிரித்த பகுதி) என்பது வேணும். ஞாபகத்தில் முதலில் நழுவுவது தேதிதான்.

கேட்கிற விதத்திலேயே பதில் மாறுவதையும் பாருங்கள். எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1974-ல் கார் மோதும் படத்தைக் காட்டினார்கள். கார்கள் "நொறுங்க மோதினபோது" என்ன வேகம் என்று ஒரு குழுவிடம், "இடித்தபோது" என்ன வேகம் என்று இன்னொரு குழுவிடம் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு முதல் குழுவில் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள், இரண்டாவதில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. "மழைக்கு முன்னாடிதானே அடிச்சோம்?" என்று முதலாளி கேட்டால் ஜீப்பிலிருந்து இறங்கி நிற்கிற ஆள் என்ன சொல்வார்?

சனிக்கிழமை நோட்டு பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றன்றைக்கு எழுதாததை நோட்டு என்றே நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

வண்டன்மேடு ஸ்டோர்:
உலர்த்துகிற பக்கத்திலிருந்து ஒரு விஷயம். "அஞ்சு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்காய்" என்று வாய்ப்பாடு மாதிரி எல்லாரும் சொல்வது உண்டு. ரவுண்டு வாரியாக எடை எழுதினால் அது ஆடுவது தெரியும். இளங்காயைப் பறித்திருந்தால் ஒரு கிலோ உலர்காய்க்குப் பச்சை கூடுதலாகத் தின்னும். மழையில் எடுத்த காயில் மேல் ஈரமும் மண்ணும் ஒட்டியிருப்பதால் பச்சை எடையே ஊதிப்போகும். இரண்டிலும் விகிதம் ஒரே மாதிரிதான் கெடுகிறது, காரணம் வேறு. எடைக்குப் பக்கத்தில் "மழை" என்று ஒரு வார்த்தை இருந்தால்தான் எடுப்பாட்களைக் கண்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.

இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையில் இன்னொரு சிக்கல். முதலாளியின் கணக்கு மலையாளத்தில், கம்பம், தேவாரம் பக்கமிருந்து வருகிற ஆட்களுக்குத் தமிழ். அதனால் பிளாக்குக்குப் பெயர் வேண்டாம், எண் போடுங்கள். அதே எண்ணை வழியோரக் கல்லில் பெயின்ட்டால் எழுதுங்கள். ஒரு வரி இவ்வளவு போதும் (பி. என்றால் பிளாக், துத்தமும் சுண்ணாம்பும் கிலோவில்): "14/8, பி.3, போர்டோ 200 லி, துத்தம் 2, சுண்ணாம்பு 2½, 4 மணிக்குத் தூறல்." பல ஜெல் பேனா மை ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது. கடையில் வாங்கிய மருந்தானால் டப்பாவின் லேபிளை போனில் படம் எடுத்துவிடுங்கள், தேதியும் கூடவே பதிவாகும்.

கம்பம்மெட்டு:
இதுவரைக்கும் சரி. ஆனா எழுதுறது மருந்து கலக்குற தொட்டிப் பக்கத்தில் நிக்கிற ஆளா இருக்கணும், ஆபீஸ்ல கேட்டு எழுதுற பிள்ளை இல்லை. கங்காணிக்கு எழுத வராட்டி அவர் சொல்லச் சொல்ல அங்கேயே குரல்பதிவு பண்ணி அனுப்பட்டும். டவர் இல்லாட்டியும் போன்ல கிடக்கும். கடைசியில "பார்த்தது"ன்னு ஒரு கட்டமும் விடுங்க. சரத்தில் (காய்க்கிற கொத்தில்) காய் உதிர்ந்திருக்கு, தட்டை (செடியோட தண்டு) மஞ்சளிச்சிருக்குன்னு கண்ணுல பட்டதை அவர் சொல்ல இடம் வேணும். அது இல்லாத நோட்டுக்கு நான் வர மாட்டேன்.

போடிமெட்டு:
அந்தக் கட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறேன் அண்ணே. தப்பாக எழுதினதை அழிக்கவோ தாளைக் கிழிக்கவோ கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, திருத்தின தேதியோடு பக்கத்தில் சரியானதை எழுதணும். அடுத்த நாள் எழுதினால் "மறுநாள் எழுதியது" என்று போட்டுவிடணும், எதை எவ்வளவு நம்பலாம் என்று படிக்கிறவருக்குத் தெரியட்டும்.